கண்ணைப் பார்க்காமல் வராத வாக்கு

என் பெரியம்மா இலங்கையின் வன்னியில், முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அவருடைய முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நான்கைந்து பேராவது காத்திருப்பார்கள். களவுபோன நகை, தள்ளிப்போகும் கலியாணம், வெளிநாட்டு விசா என்று வருகிறவர்களும் உண்டு. ஆனால் போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்த மரத்தடிக்கு வந்தவர்களில் அதிகமானோர் கேட்டது ஒரே கேள்விதான்: என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா? பெரியம்மா வேப்பிலைக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி, தனக்குள் வருவதைச் சொல்வார். இதை வாக்குச் சொல்வது என்பார்கள். குறி சொல்வது என்றும் சொல்வதுண்டு. அவர் காசு கேட்பதில்லை. வெற்றிலையில் வைத்துக் கொடுப்பதையும் கோவில் உண்டியலில் போட்டுவிடுவார்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தமக்கு ஞானதிருஷ்டி இருக்கிறது என்று நம்புகிறவர்களைப் பற்றி என்னைப் போன்றவர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் உண்மையா, ஏமாற்றா என்ற இரண்டு வாசல்களிலேயே நின்றுவிடும். பெரியம்மாவைச் சிறுவயது முதல் அறிந்த எனக்கு அந்த இரண்டும் போதவில்லை. அவர் தெரிந்துகொண்டு யாரையும் ஏமாற்றியவரல்ல. அவர் சொல்லும் வாக்கு வேறோர் உலகத்திலிருந்து வருகிறது என்றும் நான் நம்பவில்லை. பொய் சொல்லாத ஒருவரிடம் இப்படியொரு நம்பிக்கை எப்படி முளைத்தது, எப்படி இத்தனை ஆண்டுகள் உடையாமல் நிற்கிறது என்பதையே பல காலமாக யோசித்து வருகிறேன். அதில் பாதிதான் அவருடையது என்றும், மற்றப் பாதியை அவரிடம் வந்தவர்களும் அவரைச் சுற்றியிருந்த நாங்களும் கொடுத்தோம் என்றும் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

2009 ஏப்ரலில் அம்மம்மா எறிகணை விழுந்து இறந்தார். மே மாதத்தில், முள்ளிவாய்க்காலிலிருந்து சனத்தோடு சனமாக நடந்து வரும்போது, பெரியம்மாவின் ஒரே மகனான என் அண்ணா கூட்டத்தில் தவறிப்போனார். அதன் பின் அவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. பெரியம்மா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்த அந்தத் தறப்பாள் கூடாரங்களுக்கு நடுவில், தனியாக இருந்தார். ஒரு விடியற்காலை தண்ணீர் வரிசையில் நின்றபோது அம்மம்மாவின் குரல் காதுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டதாம்: “பிள்ளை, வாளியை முன்னுக்கு வை, தண்ணி வரப்போகுது.” திரும்பிப் பார்த்தார், அங்கே அம்மம்மா இல்லை. சற்று நேரத்தில் தண்ணீர்ப் பவுசர் வந்தது.

இரண்டு கிழமை அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்கு விசர் பிடித்துவிட்டது என்றே பயந்தார். குரல் மறுபடியும் மறுபடியும் வந்தது. அடுப்பை மூட்டு, படு, சாப்பிடு என்ற அளவில்தான் பேசியது. கடைசியில் பக்கத்துக் கூடாரத்து முதியவர் ஒருவரிடம் அழுதுகொண்டே சொன்னார். அந்த மனுசி வற்றாப்பளைப் பக்கத்தவர். அவர் பெரியம்மாவின் தலையைத் தடவி, “விசரில்லைப் பிள்ளை. அம்மாளாச்சி உன்ர தாயின்ர குரலிலை வாறா” என்றாராம். அன்றிரவுதான் முகாமுக்கு வந்த பின் முதன்முறையாக நித்திரை கொண்டதாகப் பெரியம்மா இன்றும் சொல்வார்.

அந்த ஒரு வசனம் எவ்வளவு பெரிய வேலையைச் செய்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. இறந்தவரின் குரலைக் கேட்பது அரிய அனுபவமன்று. வேல்ஸ் நாட்டு மருத்துவரான டேவி றீஸ், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, அவரைக் கண்டோ, குரலைக் கேட்டோ இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நீண்ட காலம் ஒருவரோடு வாழ்ந்த மூளை, அவருடைய குரலை எதிர்பார்த்துப் பழகியிருக்கிறது. நித்திரையின்மையும் பசியும் துயரமும் சேரும்போது அந்த எதிர்பார்ப்பே ஒலியாகக் கேட்டுவிடுகிறது. பவுசர் தினமும் ஏறத்தாழ அதே நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. தூரத்து இயந்திரச் சத்தத்தைப் பெரியம்மாவின் காது அவர் அறியாமலே பிடித்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அந்த அறிவிப்பு தாயின் குரலில் வந்ததற்குக் காரணம், இந்த உலகத்தில் அவரைப் பார்த்து வாளியை எடு, சாப்பிடு என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் அம்மம்மாதான் என்பதாக இருக்கலாம்.

மானிடவியலாளர் டானியா லூர்மனும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் எனக்கு மிக நெருக்கமாக இருந்தது. அமெரிக்காவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, தமிழ்நாட்டின் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா இருபது பேரிடம், மனநோயின் காரணமாகக் குரல் கேட்பவர்களிடம், அந்தக் குரல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் முகந்தெரியாதவை, வன்முறையைப் பேசுபவை. சென்னையில் பலருக்குக் கேட்டது உறவினர்களின் குரல். அது திட்டியது, புத்தி சொன்னது, வீட்டு வேலையைச் செய்யச் சொன்னது. நோயாகவே குரல் கேட்டாலும், அது எந்த முகத்தோடு வரவேண்டும் என்பதை நாம் வளர்ந்த வீடு தீர்மானிக்கிறது.

இதைவிட முக்கியமானது வேறொரு கேள்வி. குரல் கேட்கும் ஒருவர் மனநோயாளி ஆகிறார், இன்னொருவர் வாக்குச் சொல்பவர் ஆகிறார். எது இவர்களைப் பிரிக்கிறது? யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பேர்ட் பவர்ஸ், ஃபிலிப் கோர்லெட் ஆகியோர், தமக்குக் கேட்கும் குரல்களை ஆவிகளின் குரல்கள் என்று நம்பி, அதைத் தம் வாழ்வாக்கிக்கொண்டவர்களையும், மனநோய்க்குச் சிகிச்சை பெறும் குரல் கேட்பவர்களையும் ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குரலின் சத்தத்திலும் தன்மையிலும் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. முதற்சாரார் குரல்களை அழைக்கவும் நிறுத்தவும் கூடுதலாக முடிந்தவர்கள்; அவர்களுக்கு அவற்றால் வந்த துன்பம் குறைவு. தமக்குக் குரல் கேட்கிறது என்று முதன்முதலில் வெளியே சொன்னபோது, அவர்களை எதிரே இருந்தவர் நல்ல விதமாக ஏற்றுக்கொண்டிருந்தது கூடுதலாக இருந்தது. இதை வாசித்தபோது அந்தப் பக்கத்துக் கூடாரத்து முதியவரின் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு சொல் மனநோயைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே முகாமில் எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவனுக்கும் குரல் கேட்டது. அது அவனைச் சாகச் சொன்னது. அவனால் அதை நிறுத்த முடியவில்லை. குளிப்பதையும் சாப்பிடுவதையும் விட்டான். அவனைக் கட்டிவைத்துப் பேய் விரட்டும் கழிப்புக் கழித்தார்கள், அடித்தார்கள், மாதக்கணக்கில் காலத்தைக் கடத்தினார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது அவன் எலும்பும் தோலுமாக இருந்தான். மருந்து கொடுத்த பிறகு அவன் தேறினான், இப்போது தோட்டம் செய்கிறான். குரல் கட்டளையிட்டால், நித்திரை போனால், ஆள் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போனால், வாக்குச் சொல்பவரிடம் போகாமல் மனநல வைத்தியரிடம் போங்கள். இதை நான் எந்த ஒளிவுமறைவும் இன்றிச் சொல்வேன். பெரியம்மாவும் இப்போது அதையே சொல்கிறார்.

பெரியம்மாவுக்குக் கிடைத்த விளக்கம் வெறும் ஆறுதல் வார்த்தையாக இருக்கவில்லை; அதற்குப் பின்னால் ஒரு முழு ஊரின் வழக்கு இருந்தது. நந்திக்கடல் நீரேரிக் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்குப் போனவர்களுக்குக் கடல்நீரில் விளக்கு எரிப்பதும், சனத்துக்கு நடுவில் உரு வந்து ஆடுவதும் புதுமையல்ல. மதுரையை எரித்த பின் கண்ணகி ஒரு கிழவியாக அந்தக் கரைக்கு வந்ததாகவும், மாடு மேய்த்த சிறுவர்கள் அவளுடைய தலையைப் பார்த்தபோது அங்கே ஆயிரம் கண்கள் இருந்ததாகவும் ஐதீகம் சொல்கிறது. அந்தக் கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, காணமுடியாததைக் காணும் ஒரு கண் கிழவி உருவில் தன்னிடம் வரும் என்பது நம்பக்கூடிய செய்திதான். கிழக்கிலும் இப்படியே நடந்திருக்கிறது. போர்க்காலத்து மட்டக்களப்பில் அம்மன் கோவில்களில் வாக்குச் சொன்னவர்களைப் பற்றிப் பற்றிசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990களில் விரிவாக ஆராய்ந்தார். வெளியே வாய் திறந்து பேச முடியாத இழப்புகளை, காணாமற்போனவர்களைப் பற்றிய கேள்விகளை, சனம் அந்தச் சன்னிதிகளில்தான் பேசியிருக்கிறது.

இது தொடக்கம். ஆனால் தொடக்கம் மட்டும் ஒருவரை வாக்குச் சொல்பவராக நிலைநிறுத்தாது. தனக்குக் குரல் கேட்கிறது என்பதிலிருந்து, தன்னால் மற்றவருடைய வாழ்க்கையைக் காண முடிகிறது என்பதற்கு நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பெரியம்மா எப்படிக் கடந்தார் என்பதை நான் ஒரு வெள்ளிக்கிழமை நேரில் பார்த்தேன்.

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். பொலித்தீன் உறைக்குள் மகனுடைய கடவுச்சீட்டு அளவுப் படம். உறையின் ஓரம் பிடித்துப் பிடித்து வெளிறிப்போயிருந்தது. பெரியம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தண்ணி தெரியுது” என்றார். தாய் அசையவில்லை. “பெரிய தண்ணி. கரையிலை சனம்.” தாயின் விரல்கள் இறுகின. “கடலோ அம்மா? நந்திக்கடலோ?” “ஓம், நந்திக்கடல். அதிலை இறங்கீட்டான்.” தாயின் மூச்சு நின்றது. பெரியம்மா உடனே, “இறங்கித் தாண்டீட்டான்” என்றார். மூச்சு திரும்பி வந்தது. “பக்கத்திலை ஒரு பொடியன். காலிலை காயம்.” தாய் வெடித்து அழுதார். “அது என்ர தம்பியின்ர மகன். அவனுக்குத்தான் காலிலை பட்டது. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வெளிக்கிட்டவை.”

அன்றிரவு நான் இதை ஒரு கொப்பியில் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தேன். நான்கு மாதங்கள் கழித்து அந்தத் தாயை முல்லைத்தீவுச் சந்தையில் கண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார்: “இவற்றை பெரியம்மா எடுத்த எடுப்பிலையே நந்திக்கடல் எண்டு சொன்னவ. தம்பியின்ர மகனுக்குக் காலிலை காயம் எண்டதையும் அவதான் சொன்னவ.” வீட்டுக்குப் போய்க் கொப்பியைப் பார்த்தேன். நந்திக்கடல் என்ற சொல் அந்தத் தாயின் வாயிலிருந்துதான் வந்தது. தம்பியின் மகன் என்ற உறவும் அப்படியே. பெரியம்மாவிடம் கேட்டேன். அவருடைய நினைவிலும் இரண்டையும் தாமே சொன்னதாகத்தான் இருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருடைய நினைவும் ஒரே திசையில் திருத்தப்பட்டிருந்தது.

நினைவு இப்படித் தன்னைத் திருத்திக்கொள்வதற்குத் துயரமோ பக்தியோகூடத் தேவையில்லை. 1986இல் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள், உளவியலாளர் உல்ரிக் நைசர் தன் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வியை 44 பேரிடம் கேட்டபோது, அவர்களில் 11 பேர் எல்லா விவரத்தையும் பிழையாகச் சொன்னார்கள், அதுவும் மிகுந்த நிச்சயத்தோடு. அன்றைய தங்கள் கையெழுத்தைக் காட்டிய பின்பும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை.

அந்த வாக்கின் உள்ளடக்கத்தையும் பார்க்கவேண்டும். 2009 மே மாதத்து முள்ளிவாய்க்காலில் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல். தண்ணீர் தெரியாத திசையே இல்லை. காலில் காயம்பட்ட ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அங்கே எவரும் நடந்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தாய்க்கு அது தன் மகனுடைய தண்ணீர், தன் மருமகனுடைய காயம். பேர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் தன் வகுப்பிலிருந்த 39 மாணவர்களுக்குத் தனித்தனியே எழுதியது போல ஓர் ஆளுமைக் குறிப்பைக் கொடுத்தார். உண்மையில் எல்லோருக்கும் ஒரே குறிப்புத்தான், சோதிட நூலொன்றிலிருந்து எடுத்த வரிகள். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் ஐந்துக்கு இட்ட புள்ளியின் சராசரி 4.26. பொதுவான சொல்லைத் தன்னுடைய சொல்லாக மாற்றும் வேலையைக் கேட்பவரே செய்கிறார் என்பதற்கு இது பழைய சான்று.

எனக்கு இதைவிட அதிகம் உறைத்தது றே ஹைமனின் கதை. பின்னாளில் உளவியல் பேராசிரியரான அவர், பதின்ம வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். அவர் கைரேகையை உண்மையாகவே நம்பினார். வந்தவர்கள் எல்லோரும் அப்படியே சரி என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஒரு நாள் அனுபவமுள்ள ஒருவர், ரேகை சொல்வதற்கு நேரெதிராகச் சொல்லிப் பார் என்று அவருக்கு யோசனை கூறினார். அவர் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் முன்பு போலவே வியந்தார்கள். பெரியம்மாவைப் போன்ற ஒருவரின் நிலையை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியவில்லை. ஆசிரியனான எனக்கு என் பிழையைச் சோதனைத்தாள் காட்டிக்கொடுக்கும். பெரியம்மாவிடம் வருகிறவர்கள் கண்ணீரோடு “ஓம் அம்மா, ஓம்” என்று மட்டுமே சொல்கிறார்கள். பிழைத்துப்போன வாக்கைப் பெற்றவர் திரும்பி வந்து முறைப்பாடு செய்வதில்லை, பேசாமல் நின்றுவிடுகிறார். இத்தனை ஆண்டுகளாகச் சரி என்ற சொல்லை மட்டுமே கேட்ட எவரும் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று நம்புவதே இயல்பு.

தாயின் மூச்சு நின்றதும் பெரியம்மா உடனே “தாண்டீட்டான்” என்று சொன்னதை மீண்டும் யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய விரல்கள் மணிக்கட்டின் நாடியில் இருந்தன. தான் அதைப் படித்துத்தான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து வந்தது என்றே அவர் உணர்ந்தார். நூற்றாண்டுக்கு முன் ஜேர்மனியில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குச் செய்தது. கேள்வியைக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். அதன் உரிமையாளர் அதை மனதார நம்பினார். ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் 1907இல் நிதானமாக ஆராய்ந்து கண்டது இதுதான்: விடை வரவேண்டிய தட்டு நெருங்கும்போது கேள்வி கேட்டவரின் தலையும் உடலும் தம்மை அறியாமல் மிக நுட்பமாக அசைகின்றன, குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. கேட்டவரைக் குதிரையின் கண்ணிலிருந்து மறைத்தால் கணக்குப் பிழைத்தது. உண்மையை அறிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் அசைவை முழுமையாக அடக்க முடியவில்லை.

எங்கள் முற்றத்திலும் அதே சோதனை தானாகவே நடந்தது. சில ஆண்டுகளாகக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சனம் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கியது. முதல் சில அழைப்புகளுக்குப் பிறகு அவர் மறுத்துவிட்டார். நான் காரணம் கேட்டபோது, “கண்ணைப் பாக்காமல் எனக்கு வராது தம்பி. கையும் இல்லை, முகமும் இல்லை. அம்மாளாச்சி ஃபோனிலை வரமாட்டா” என்றார். தன்னுடைய திறமை எங்கே இருக்கிறது என்பதை அவர் தன்னுடைய மொழியில் மிகச் சரியாகவே சொல்லியிருந்தார். அது திறமைதான் என்பதையும் சொல்லவேண்டும். ஒருவரின் மூச்சையும் விரலையும் இவ்வளவு கூர்மையாகக் கவனிக்கும் இன்னொருவரை நான் அறியேன். அந்தக் கவனத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயரில்தான் எனக்கு உடன்பாடில்லை.

உடல் தன்னையறியாமல் செய்வதை வெளிச்சக்தி செய்ததாக உணர்வது வன்னியில் கிணறு வெட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த காட்சி. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு காணியில் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் நிமிர்ந்து நிற்கும். தான் ஒன்றும் செய்யவில்லை என்று அவர் சத்தியம் செய்வார், அது உண்மையான சத்தியம். மைக்கேல் ஃபரடே 1853இல், ஆவிகள் நகர்த்துவதாகச் சொல்லப்பட்ட மேசைகளின் மேல், கைகளுக்குக் கீழே, இளகிய பசையால் ஒட்டிய அட்டைகளை அடுக்கிவைத்தார். மேசை நகர்ந்த பின் பார்த்தால் மேலட்டை முதலில் விலகியிருந்தது. கைதான் மேசையைத் தள்ளியிருந்தது. கை வைத்தவர்களுக்கோ தாம் தள்ளிய உணர்வே இல்லை. ஜேர்மனியின் மியூனிக்கில் 1980களின் பிற்பகுதியில், நீரோட்டம் பார்ப்பவர்கள் ஏறத்தாழ 500 பேரிலிருந்து தேர்ந்த 43 பேரைக் கொண்டு 843 முறை சோதித்தார்கள். அந்தத் தரவுகளைப் பின்னர் மீளாய்ந்த ஜிம் என்றைட் அவற்றில் தற்செயலைத் தாண்டிய எதுவும் இல்லை என்று காட்டினார். முத்தையன்கட்டுப் போன்ற ஒரு குளத்தின் அணைக்கட்டுக்குக் கீழே உள்ள காணியில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும் என்பதால், எங்கள் பக்கத்தில் தேங்காய் பொய்க்கச் சந்தர்ப்பமே குறைவு.

இதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்தவனாக நான் எழுதவில்லை. 2009 பெப்ரவரியில், இரணைப்பாலையில் பதுங்குகுழிக்குள் படுத்திருந்தபோது, என் நண்பன் ஒருவன் வெள்ளை வேட்டியோடு நடந்து போவதாகக் கனவு கண்டேன். இரண்டு நாள் கழித்து அவன் இறந்த செய்தி வந்தது. பெரியம்மா வாக்குச் சொல்லத் தொடங்கிய பின், எனக்கும் அவருடைய கண் இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். பயமும் ஒருவகைப் பெருமையும் கலந்த நம்பிக்கை அது. அவனுடைய சாவை முன்கூட்டியே அறிந்தும் தடுக்கவில்லையே என்ற குற்றவுணர்வில் பல ஆண்டுகள் எரிந்தேன். பின்னர்தான் அதே கொப்பியில் ஓராண்டு முழுவதும் என் கனவுகளைக் காலை எழுந்தவுடன், நாள் பிசகாமல் எழுதினேன். 41 கனவுகள். பலித்தது போலத் தோன்றியவை இரண்டு, அவையும் தாராளமாகப் பொருள் கொண்டால்தான். எழுதாமல் விட்டிருந்தால் அந்த இரண்டு மட்டுமே என் நினைவில் நின்றிருக்கும். 2009இன் அந்த மாதங்களில் இலட்சக்கணக்கான சனம் ஒரு சிறு நிலத்துண்டில் சாவைப் பார்த்துக்கொண்டே நித்திரைக்குப் போனது, சாவையே கனவு கண்டது. விடிந்தால் சாவு நடந்தது. அங்கே ஒரு மரணக் கனவு பலிக்காமல் போவதே கடினம். இந்தக் கணக்கைப் போட்ட நாளில் என் சக்தி போயிற்று. கூடவே அந்தக் குற்றவுணர்வும் போயிற்று.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த ஏபிரகாம் கோவூர், அபூர்வ சக்தியை ஏமாற்றுக்கு இடமில்லாத முறையில் காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அதை எவரும் வெல்லவில்லை. நான் அவரை மதிக்கிறேன். ஆனால் பெரியம்மாவுக்கு இலட்சம் ரூபாயோடு வேலையில்லை. அவரிடம் கேட்கப்படும் கேள்விக்கோ சரிபார்க்கக்கூடிய விடை இதுவரை எங்கும் இல்லை. உடல் இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாக 2017 பெப்ரவரி 20இல் அமர்ந்த தாய்மார் கேட்டதும் அந்த விடையைத்தான். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது, விடை வரவில்லை. இறந்தாரா, இருக்கிறாரா என்று முடிவு தெரியாத இழப்பைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பவுலின் பொஸ், அதுவே மனிதர் சுமக்கும் இழப்புகளில் மிகக் கொடியது என்கிறார். கிரியை செய்யவும் முடியாது, சாமத்தில் வரும் காலடிச் சத்தத்துக்குக் கதவைத் திறக்காமல் இருக்கவும் முடியாது. அந்த வெற்றிடத்தில் நின்று பேசுகிற வாக்கைப் பிழை என்று காட்ட யாரிடமும் எதுவும் இல்லை.

ஆரம்பத்தில் பெரியம்மா ஒரேயொரு தாயிடம் “இல்லை” என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தார், பின்னர் கிழமைக்கணக்கில் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. அதன் பிறகு அம்மாளாச்சி “இல்லை” என்று சொன்னதே கிடையாது. நான் இதைக் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: “அது இப்ப வாறதில்லைத் தம்பி.” அவர் மறைக்கவில்லை; உண்மையாகவே அது வருவதில்லை. கேட்பவரின் முகம் தாங்காத விடையை, அந்த முகத்தைப் பார்த்தே பேசும் ஒருவரின் மனம் காலப்போக்கில் உண்டாக்குவதையே நிறுத்திவிடுகிறது. இதன் விலையும் எனக்குத் தெரியும். “தெற்கிலை ஒரு மதிலுக்குள்ளை இருக்கிறான்” என்ற வாக்கைக் கேட்டு, ஒரு தாய் காப்பை அடகு வைத்து வான் பிடித்துச் சிறைச்சாலை சிறைச்சாலையாக அலைந்தார். அதைப் பெரியம்மாவிடம் கோபத்தோடே சொன்னேன். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முதல் இடம் சொல்வதை விட்டுவிட்டார். “இருக்கிறான், நேர்த்தி வை” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இத்தனை பேருடைய பிள்ளைகளைக் கண்டவருக்குத் தன் பிள்ளை மட்டும் தெரிவதில்லை. அண்ணாவைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் அம்மாளாச்சி பேசமாட்டாளாம். சென்ற ஆண்டு, வவுனியாவில் ஒருவர் நன்றாகச் சொல்கிறார் என்று கேள்விப்பட்டு, தன்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி என்னிடம் கேட்டார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். பெரியம்மா முந்தானைக்குள்ளிருந்து அண்ணாவின் படத்தை எடுத்தார். அதுவும் பொலித்தீன் உறைக்குள்தான் இருந்தது. அந்த அம்மா பெரியம்மாவைவிட இளையவர். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“உப்புக் காத்து அடிக்குது. ஒரு கரை வருது.”

பெரியம்மா முன்னால் சாய்ந்தார். “நந்திக்கடல் கரையோ அம்மா?”

“ஓம், அதுதான்.”

திரும்பி வரும் வழியில் மாங்குளத்தில் தேநீர் குடிக்க நின்றோம். பெரியம்மாவின் முகம் வெகுநாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. தேநீரை ஆற்றிக்கொண்டே, “கேட்டியோ தம்பி, நான் ஒண்டும் சொல்ல முன்னமே நந்திக்கடல் எண்டு சொல்லிப்போட்டா” என்றார்.

“ஓம் பெரியம்மா” என்றேன்.